ஜலீல் கடையின் முதல் பார்வை

1979 முதல் 1986 வரை, ஊட்டியில் ஜலீலின் பழைய சாமான் கடைக்கு வந்து இறங்கிய எந்த மின்சாரப் பொருளையும் சுபுஹானுக்கு முன்னால் வேறொருவர் தொட்டதில்லை.

தோட்டத்து பங்களாவைக் காலி செய்து போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விடுவார்கள். கட்டில், மேஜை, பீங்கான் தட்டுகளுக்கு வியாபாரிகள் முட்டிமோதுவார்கள். இன்னதென்று சொல்லத் தெரியாத பெட்டிகளையெல்லாம் ஜலீல் வாங்கிப் போடுவார். லாரி கடைக்கு வந்ததும் சுபுஹானுக்கு ஆள் போகும். அவர் வந்து வேண்டியதை ஒதுக்கிய பிறகுதான் மற்றவர்களுக்காகத் தார்ப்பாயை விலக்குவார்கள். அந்தத் தொழிலில் இதற்கு முதல் பார்வை என்று பேர். அது காசு கொடுத்து வாங்குகிற உரிமை அல்ல. கடைக்காரர் மனசு வைத்துக் கொடுப்பது.

சுபுஹான் ரேடியோ மெக்கானிக். நாற்பது தாண்டியவர். ரேடியோ சோறு போட்டது. பித்து முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்களின் ஒட்டுச் சாமான்கள் மேல். காகித நாடாவில் இருக்கும் ஓட்டைகளைப் படிக்கும் கருவி, கண்ணாடித் திரையைத் தொட்டால் புள்ளி வைக்கும் பேனா, கோடு இழுக்கும் பலகை. வெளிநாட்டில் கழித்துப்போட்டு, யாரோ ஒரு துரை மகன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து விட்டுப்போன சரக்குகள். ஒன்றுக்கும் விளக்கப் புத்தகம் கிடையாது. சுபுஹான் மூடியைக் கழற்றுவார், மீட்டர் முனையை ஒவ்வொரு கம்பியிலும் வைத்து எது எங்கே போகிறது என்று தடம் பிடிப்பார், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சர்க்யூட் வரைவார். வரைந்ததை யாருக்கும் காட்டமாட்டார்.

சாமான்களுக்கென்று தனியாக ஓர் இரும்பு பீரோ. ஊட்டி ஈரத்தில் பூஞ்சை ஏறாமல் இருக்க உள்ளே ஒரு பல்பு எப்போதும் எரியும்.

"எம் பட்டுச்சேலை பூஞ்சை புடிச்சுக் கெடக்குது. உங்க டப்பாவுக்கு ராவும் பகலும் வெளக்கு. இதுகளோட நிக்காஹ் ஒண்ணுதான் பாக்கி," என்பார் மனைவி ஜுலைகா.

சுபுஹான் சிரித்துக்கொள்வார். நீலகிரி மலையில் இந்தப் பித்து பிடித்த ஒரே ஆள் என்பதில் அவருக்கு ஒரு ராஜ களை இருந்தது.

அந்தக் களையைக் கெடுக்க வந்தவன் அய்யாவு. 1984இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அப்பா அம்மாவோடு ஊட்டி காந்தலில் வாடகை அறைக்கு வந்தவன். பெற்றோர் சிலோனில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அவன் சின்ன வயசிலேயே கொழும்புக்குப் போய் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்தவன். 83 கலவரத்தில் கடை எரிந்தது. முதலாளி, சம்பளத்துக்குப் பதிலாக, எரியாமல் மிஞ்சியதில் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். ரப்பர் பட்டன் வைத்த சின்ன கம்ப்யூட்டர். கைலியில் சுற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தான். ஊட்டியில் அவனுக்கு வீடுகளுக்கு வயரிங் செய்கிற தினக்கூலி.

அவனை முதலில் சுபுஹான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அந்த நாடாக் கருவி விஷயம் வரும்வரை.

அந்தக் கருவியோடு சுபுஹான் நாலு மாசம் மல்லுக்கட்டியிருந்தார். அசையவில்லை. "இது செத்தது மாமு," என்று ஜலீலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அய்யாவு அதைக் கேட்டு வாங்கிப்போனான். கொஞ்ச நாளில், ஜலீல் கடை வாசலில் ஒரே கூட்டம். கேரட் மூட்டை ஏற்ற வந்தவர்கள்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மேஜை மேல் நாடா சரசரவென்று ஓட, டி.வி. திரையில் எழுத்து வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. கேட்டவன் கேட்காதவன் எல்லாருக்கும் அய்யாவு மூடியைத் திறந்து விளக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க நானா!" சிலோனில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க பாத்த சாமான்தான். உள்ளுக்கு இருந்த வெளிச்சம் பத்தல்ல. சைக்கிள் டைனமோ பல்ப மாட்டினேன். வேற ஒண்ணும் இல்ல."

அந்த 'வேற ஒண்ணும் இல்ல'தான் சுபுஹானைக் குத்தியது. பெரிய பழுதைச் சரிசெய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

ஜலீல் தாடியைத் தடவினார். "ஏன் சுபுஹானு, செத்ததுன்னு சொன்னியே. ஜனாசா தொழுகறதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு பாத்தியா?"

கூட்டம் சிரித்தது. சுபுஹானும் சிரித்தார். தாடைதான் வலித்தது.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையே இல்லாமல் காந்தல் பஸ்ஸில் ஏறி, அய்யாவுவின் அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்து திரும்பி வருவார். ஜன்னலில் டி.வி. வெளிச்சம் தெரிந்தால் வயிறு எரியும். தெரியாவிட்டால், அப்படியானால் ஜலீல் கடையில்தான் இருப்பான் என்று இன்னும் எரியும். "சிலோன்காரத் தம்பி கெட்டிக்காரனுங்க," என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரின் டிரான்சிஸ்டரைத் திறந்துகூடப் பார்க்காமல், பார்ட்ஸ் கிடைக்காது என்று திருப்பி அனுப்பினார்.

"எதுக்குங்க அந்தப் பையன இப்படி கரிச்சுக் கொட்டறீங்க?" என்றார் ஜுலைகா. "அவன் உங்க ரேடியோ யாவாரத்துல கை வெச்சானா?"

"உனக்குப் புரியாது."

"புரியுதே. எனக்கு அந்த பீரோவப் பாத்தா என்ன தோணுதோ, உங்களுக்கு அவனப் பாத்தாத் தோணுது."

அந்த நாட்களில்தான் மஞ்சூர் பக்கத்து பங்களா ஏலத்திலிருந்து ஒரு சின்ன பிரிண்டர் வந்தது. முதல் பார்வையில் சுபுஹான் எடுத்தார். மை கிடையாது, ரிப்பன் கிடையாது. வெள்ளிப்பூச்சு பூசிய தாளில் ஓர் ஊசி ஓடும். மின்பொறி பூச்சை எரிக்கும். எரிந்த இடம் கறுப்பு எழுத்தாகும். சர்க்யூட்டை வரைந்துவிட்டார். காந்தல் நடைகளுக்கு நடுவே, கொஞ்சம் அவசரமாக. ஆனால் அது சேருகிற கம்ப்யூட்டர் அந்த ரப்பர் பட்டன் மாடல்தான். அது மலையில் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. வெள்ளித்தாளோ யாரிடமும் இல்லை. ஒரு வருஷமாக பிரிண்டர் பல்பு வெளிச்சத்தில் தூங்கியது.

ஜலீலுக்குப் பொறுமை போனது. "உங்கிட்ட பிரிண்டரு, அவங்கிட்ட மெஷினு. ரெண்டையும் எம் மேசைல வெச்சுச் சேருங்க. ஓடுச்சுன்னா, இனி லாரி வந்தா ரெண்டு பேருக்கும் ஆள் அனுப்பறேன். ஓட விடலீன்னா, பீரோவுல பூட்டி வெக்கறவனுக்கு நான் எதுக்குப்பா ஆள் அனுப்போணும்?"

ரெண்டு பேருக்கும். சுபுஹானுக்கு அது முழுசாகப் பறிபோனது போலவே கேட்டது. இருந்தும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பிரிண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

அய்யாவு முன்னமே வந்து காத்திருந்தான். கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்திருந்தான். கையில், பிரிண்டரின் அகலத்துக்கு நறுக்கிச் சுருட்டிய பளபளப்பான தாள்.

"தேயிலப் பெட்டிக்கு உள்ளுக்கு ஒட்டுற தாள் நானா! அம்மா சிலோன்ல ஃபேக்டரில பெட்டி கட்டுற வேல. இந்தத் தாளப் பாத்துத்தான் நான் வளந்தேன், இவ்வளவு நாளும் இது புத்திக்கு எட்டல்ல பாருங்க!" அவன் முகம் தீபாவளிப் பையன் முகமாக இருந்தது.

சுபுஹான் தாளை வாங்கி நகத்தால் கீறினார். பூச்சு இல்லை, தகடு. தடிப்பான அலுமினியத் தகடு. மெல்லிய பூச்சு என்றால் பொறி பட்டதும் எரிந்துபோகும், கரண்ட் தானாக அறும். இது எரியாது. கரண்ட் நிற்காமல் ஓடும். ஏதோ ஒன்று வேகும். எது வேகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வரைந்த சர்க்யூட்டில், ஊசிக்கு முன்னால், கரண்ட் பிரிண்டருக்குள் திரும்பாமல் காக்கும் ஒரு தடுப்பு இருந்தது. பிரிண்டர் தப்பிக்கும். வேகப்போவது, கரண்ட் கொடுக்கும் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் போனால் அய்யாவு வெறும் வயரிங் ஆள்.

"நீங்கதானே உள்ளுக்கு எல்லாம் பாத்து வரைஞ்சவரு. இந்தத் தாள் தாங்குமா நானா?" என்று கேட்டான் அய்யாவு.

நேராகக் கேட்டான். சுபுஹான் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"போட்டுப் பாரேன்."

அய்யாவு தாளைச் செருகினான், ஒயரை மாட்டினான். ஜலீல் பிஸ்மி சொல்லிவிட்டு மேஜை மேல் குனிந்தார். சுபுஹான் கம்ப்யூட்டர் பக்கமிருந்து விலகிப் பின்னால் போய் நின்றுகொண்டார். சுவிட்ச் போட்டார்கள். ஊசி ஒரு தடவை நகர்ந்து, ஒட்டி, நின்றது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. பிரிண்டரின் மூடி இடுக்கிலிருந்து புகை நூலாகக் கிளம்பியது.

"ஐயோ, நானா சாமானு!" அய்யாவு பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். விரல் சுட்டது. அதை வாயில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தூக்கி சுபுஹான் முன்னால் நீட்டினான். "என்னாலதான். உங்கட சாமான நான் பொசுக்கிட்டேன். இத வச்சுக்கங்க. நான் சரிசெஞ்சு தர்ற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

சுபுஹானால் அதைத் தொட முடியவில்லை. "வேண்டாம்," என்றார். பொறாமை அப்போதும் போகவில்லை. இப்போது அவனுடைய அந்த நல்ல மனசின் மேல் விழுந்திருந்தது.

ஜலீல் பிரிண்டரைப் பார்க்கவில்லை. சுபுஹானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுபுஹானு, நீ எதுக்குப் பின்னால போன?"

"பொகை வந்துச்சுங்க மாமு."

"பொகை அப்புறந்தான வந்துச்சு."

அய்யாவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போய் சுபுஹான் மூடியைக் கழற்றினார். தடுப்பு இருப்பதாக அவர் வரைந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டிப் பார்த்தார். கீழே வெறும் ஈயப் பற்றவைப்பு. தடுப்பு ஒன்றும் இல்லை. எத்தனையோ சாமான்களில் களிம்பைச் சுரண்டாமல் ஒரு கோடு போட்டதில்லை அவர். இதில் மட்டும், இருக்கும் என்று நினைத்து வரைந்துவிட்டார். அந்த வாரம் கண் காந்தல் ஜன்னலில் இருந்தது.

மறுநாள் அய்யாவு சுபுஹானின் ரேடியோக் கடை வாசலுக்கே வந்தான். விரலில் மஞ்சள் பூசியிருந்தான். "பிரிண்டரத் தாங்க நானா, ரெண்டு பார்ட்ஸ்தான் போயிருக்கும். நீங்க வரைஞ்ச படமும் இருந்தாச் சுகம்."

பிரிண்டரைக் கொடுத்தார். "படத்த எங்கியோ வெச்சுட்டேன்," என்றார். படம் இருந்த பீரோவின் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரவேணுவிலிருந்து ஜலீலின் லாரி வந்தது. ஆள் காந்தலுக்கு மட்டும் போனான்.