தயாவின் லைற் மட்டும் ஏன் அணைவதில்லை?

பாட்டுக்கு ஆடும் அலங்கார லைற் போடுவது என்பது, ஊரே அண்ணாந்து பார்க்கும்போது நாம் மட்டும் குனிந்து வயரைத் தேடும் தொழில். லப்ரொப்பில் இருந்து கொன்ரோலர் பெட்டிக்கு, றவுட்டர் வழியாக வைஃபையில் கட்டளை போகும். நடுவில் சிக்னல் அறுந்தால் எல்லாம் இருட்டு. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் பாடு விளங்கும். தயாவை அதில் சேர்க்கவில்லை. கட்டாரில் இருந்து வந்து தொழில் தொடங்கியவன். அவனுடைய லைற் அணைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் ஊர் மாதா கோயிலில் யேசு பிறக்கும் நத்தாருக்குப் போடும் லைற் மட்டும் வருசா வருசம் என் கையில். அதுவும் அவனிடம் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

பக்திமான்

கொடிகாமத்தில் ஒரு பிள்ளையார் கோயில் திருவிழா. பூசை மணி அடித்தால் என் லைற்றுகள் அணையும். மணி நின்றால் வரும். மேளமும் மணியும் தானாக அடிக்கிற மோட்டர் மெசினையும் என் றவுட்டரையும் ஒரே பிளக்கில் கொழுவியிருந்தேன். மோட்டர் ஓடும் மட்டும் றவுட்டருக்குக் கரண்ட் காணாது. அதைக் கண்டுபிடித்து மாற்றுவதற்குள் தர்மகர்த்தா வந்துவிட்டார்.

“தம்பி, பக்கத்துக் கோயிலிலை மணி அடிச்சாலும் தயான்ரை லைற் எரியுது. உம்மடை லைற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பக்தி?”

ஆள் கூடினால் ஆகாது

நத்தார் அன்று, எங்கள் மாதா கோயில். பின்னேரம் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தபோது பாலன் குடிலுக்கு மேல் நட்சத்திரம் அழகாக ஆடியது. பூசை முடிந்து சனம் வெளியே வந்து ஆளுக்கொரு போனைத் தூக்கியது. அத்தனை போனின் வைஃபையும் முட்டிமோத, என் சிக்னல் நசிந்து செத்தது. “ஒருக்கா போனுகளை நிப்பாட்டுங்கோ” என்று கெஞ்சினேன். பாதர் இருண்ட நட்சத்திரத்தை ஒருக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பேசியது பாட்டுக்குழு மேரியக்கா.

“ஆக்கள் இல்லாட்டித்தான் எரியுமெண்டால் சொல்லும், நாங்கள் வீட்டை போறம்.”

நேர்த்தி

புதுவருசத்துக்கு யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு புடவைக்கடைக்குத் தயா லைற் போட்டான். மனைவியோடு பார்க்கப் போனேன். ஒரேயொரு தரம் அணையட்டும் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தியே வைத்துவிட்டேன். அணையவில்லை. மயில் ஒன்று தோகை விரித்தது, ஒவ்வொரு இறகும் தாளத்துக்குத் துடித்தது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இஞ்சேருங்கோப்பா, எல்லாரும் மயிலைப் பாக்கினம். நீங்கள் மட்டும் ஏன் அந்தாளின்ரை வயரைப் பாக்கிறியள்?”

பிஸ்கற் ரின்

மறுநாள் நல்ல மழை. பின்னேரம் தயாவே போன் எடுத்தான். “செல்வா அண்ணை, சிக்னல் விட்டுவிட்டு வருது. ஒருக்கா வாறியளோ?” நான் அவ்வளவு சந்தோசமாக ஒருநாளும் மோட்டார் சைக்கிள் ஓடியதில்லை.

புடவைக்கடையில் போய்ப் பார்த்தால், நனையாமல் இருக்க றவுட்டரைப் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மூடியிருக்கிறான். தகரத்துக்குள்ளால் சிக்னல் எப்படி வரும்? மூடியை இன்னும் இறுக்கிவிட்டு, ஒன்றும் விளங்கவில்லை என்று வந்திருப்பேன். ஆனால் கூட்டத்துக்குள் எங்கள் பாதர் குடையோடு நின்றார். அவர் பார்க்கட்டும் என்றே ரின்னை உயர்த்திக் காட்டி, றவுட்டரைப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றினேன். மயில் எழும்பியது. சனம் கைதட்டியது, தயாவைப் பார்த்து. பாதரும் அவன் தோளில்தான் கைபோட்டார்.

“தயா, வாற நத்தாருக்கு எங்கடை கோயிலையும் நீரே செய்யும். பிழைச்சால் திருத்துறதுக்கு எங்கடை செல்வா இருக்கிறார்தானே!”

எந்தச் சிக்னலும் இல்லாமல், மழையிலும் வெயிலிலும் ஒருநாளும் அணையாமல் இந்தத் தொழிலில் எரிவது என் வயிறு ஒன்றுதான்.