ஷாலில் குத்திய பாட்டுப்பெட்டி

என் சுடிதாரில் பை கிடையாது. ஆயிரம் பாட்டைக் கட்டைவிரல் அளவுக்குள் அடைக்கத் தெரிந்த உலகத்துக்கு, பெண்கள் உடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பை தைக்கத் தெரியவில்லை. ஓடும்போது கேட்க ஒரு பாட்டுப்பெட்டி வாங்கப் புறப்பட்ட என் கதை, அந்த இல்லாத பையில்தான் தொடங்குகிறது.

டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார். சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விட்டுவிடாதீர்கள் என்றார். விளாங்குடியில் எங்கள் தெரு முக்கில் ஓர் இட்லிக் கடை. அதைத் தாண்டினால் கண்மாய்க் கரை. கரையின் நடுவில் ஒரு வேம்பு, கடைசியில் மடை. மடை வரை போய்த் திரும்பினால் போதும். சில நாள் நடந்து பார்த்தேன், ஒத்துவரவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் போகத் தோன்றும், போனால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகத் தோன்றும் பிறவி நான். ஒரு காலையில், தண்ணீரைத் தொட்டு வந்த காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. ஓடிவிட்டேன். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், ஷாலைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு, கொக்குகள் திரும்பிப் பார்க்க. பள்ளிக்கூடத்தை விட்டபின் என் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை மறந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் பாட்டு இல்லாமல் ஓடினால் வேம்பைத் தாண்ட முடியவில்லை. பாட்டு இல்லையென்றால் மூச்சு கேட்கும். மூச்சு கேட்டால் முட்டி பேச ஆரம்பிக்கும். முட்டி பேசினால் காஸ் சிலிண்டர் தீரப்போவது ஞாபகத்துக்கு வரும். சிலிண்டர் ஞாபகம் வந்த பிறகு எவள் ஓடுவாள்? வேம்படியில் நின்று, இடுப்பில் கை வைத்து, நடந்தே வீடு திரும்புவேன். பாட்டு இருந்தால் அப்படியில்லை. வேம்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மடை தானாக எதிரே வந்து நிற்கும்.

போனைக் கையில் பிடித்து ஓடினேன், வியர்வையில் மீன்போல் வழுக்கியது. இடுப்பில் செருகினேன், நாலு எட்டு வைப்பதற்குள் பேன்ட்டுக்குள் இறங்கி முழங்காலில் பாடியது. அப்புறம் போன் இல்லாமலே பாட்டைத் தனக்குள் வைத்துப் பாடும், காதுக்குள் வைக்கும் கம்பியில்லாத குமிழ்கள் வாங்கினேன். ஒருநாள் வலது காதுக்காரன் துள்ளிக் கருவேல முள்ளுக்குள் குதித்துவிட்டான். எட்டிப் பார்த்தேன். முள் என்னை எட்டிப் பார்த்தது. விட்டுவிட்டேன். சார்ஜ் தீரும்வரை அங்கே ஏதாவது ஓணானுக்குப் பாடிக்கொண்டிருந்திருப்பான்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவில் அது நடந்தது. காலையில் வாக்கிங் போன ஒரு டீச்சரின் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போய்விட்டான். கழுத்தில் கீறலோடு டீச்சர் தப்பினார். இரண்டு காதிலும் பாட்டு ஓடியதால் பைக் வந்த சத்தமே அவருக்குக் கேட்கவில்லையாம். செய்தியை என் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தார்.

அவர் பேரையூர்ப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் பேசுவார், பயம் வந்தால் பேச மாட்டார். அன்றைக்குக் காபி ஆறும்வரை பேசவில்லை.

“இனிமே மாடியில ஓடு” என்றார் கடைசியில்.

“மாடியில நாலு எட்டு வச்சா செவுரு வந்துருதுங்க. செக்குமாடு மாதிரி சுத்தவா?”

“சுத்து. மாட்டுச் சங்கிலிய எவனும் அறுக்க மாட்டான்.”

“நான்தான் தங்கத்தக் கழட்டி வச்சுட்டு மஞ்சக் கயிறோட போறேன்ல?”

“அது கயிறுன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? முதுகுல எழுதி ஒட்டிக்கிட்டா போற?”

இரண்டு நாள் மாடியில் ஓடினேன். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பி, காயப்போட்ட வத்தல், மறுபடி தண்ணீர்த் தொட்டி. மூன்றாம் நாள் கொடியில் கிடந்த அவர் லுங்கி முகத்தில் சுற்றிக்கொண்டது. அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கிவந்து சொன்னேன்: “நீங்க என்ன சொன்னாலும் நான் கரைக்குத்தான் போவேன்.”

“போ. ஆனா காது தெறந்திருக்கணும். அம்புட்டுதான்.”

“பாட்டு இல்லாம என்னால வேம்பத் தாண்ட முடியாதுங்க.”

“அப்ப காத அடைக்காம பாடுற பெட்டி ஏதாவது இருக்கான்னு பாரு. இருந்தா கரை. இல்லாட்டி மாடி.”

பேச்சு அத்தோடு முடிந்தது. காலை வெளிச்சம், கொக்கு, தண்ணீர் வாசம், கால் தரையை மறக்கும் அந்த ஒரு கணம், எல்லாம் இனி ஒரு கடைக்காரர் கையில் இருந்தது.

கடை செல்லூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில். பாட்டுப்பெட்டி வாங்க அதைவிட மோசமான இடம் கிடையாது. இரண்டு பக்கமும் விசைத்தறிகள் சடக்குச் சடக்கென்று அடிக்க, கடைக்காரர் நாள் முழுக்கக் கத்தியே வியாபாரம் பார்க்கிறவர்.

“இது காதுக்குள்ளயே போகாதுக்கா” என்று பட்டைபோல் ஒன்றை எடுத்து நீட்டினார். “கன்னத்து எலும்பு வழியாப் பாட்டு உள்ள போகும். காது ஃப்ரீ.”

“எலும்புக்குப் பாட்டு தெரியுமாண்ணே?”

“போட்டுப் பாருங்கக்கா.”

போட்டேன். உண்மையாகவே தலைக்குள் எங்கிருந்தோ பாட்டு வந்தது. தறிச் சத்தமும் கேட்டது, பாட்டும் கேட்டது. கண்ணில் தண்ணீர் வராத குறை. கடைக்குள்ளேயே நின்ற இடத்தில் நான்கு குதி குதித்துப் பார்த்தேன். பட்டையின் பின்பக்கம் என் கொண்டையில் இடித்தது, முன்பக்கம் மூக்குக்கண்ணாடிக் காம்பில் ஏறியது, ஐந்தாவது குதியில் மொத்தமாக நெற்றிக்கு வந்து கிரீடம்போல் உட்கார்ந்தது.

“முடிய வெட்டிட்டாச் சரியாப் போயிரும்க்கா.”

“அதுக்கு மாடியே தேவலண்ணே.”

திரும்பப் போனவள், கல்லாவுக்கு மேல் ஆணியில் பாடிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு. முன்னால் சல்லடைபோல் ஒரு வாய், பின்னால் ஒரு கிளிப். அந்தத் தறிச் சத்தத்துக்குள்ளும் அதன் குரல் தனியாகத் தெரிந்தது.

“அது எதுக்குக்கா ஒங்களுக்கு? வயசானவுக சட்டையில மாட்டிக்கிட்டு வாக்கிங் போவாகல்ல, அவுகளுக்குள்ளது.”

எனக்குத் தெரியும் அவர்களை. சட்டைப் பையில் பாட்டை அலறவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கை வீசிப் போகிறவர்கள். அவர்களைப் பார்த்து எத்தனையோ முறை முகம் சுளித்திருக்கிறேன்.

“எனக்கும் வயசாகுதுல்ல. குடுங்கண்ணே.”

“என்ன பாட்டு ஏத்தட்டும்?”

“கால் நிக்கக் கூடாது. கிராமத்துப் பாட்டா, தப்பு மேளம் அடிச்சு வாரது.”

“கிராமத்துப் பாட்டுன்னு பெரிய கட்டாவே இருக்கு. அம்புட்டையும் ஏத்திடுறேன்” என்றார். இந்தப் பதிலில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்டையை ஆட்டினார். மறுநாள் கரைக்குப் போனேன். ஷாலில், தோளுக்குக் கீழே அதைக் குத்திக்கொண்டு, வெட்கத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. தப்பின் அடி இருக்கிறதே, அது காதில் விழுந்தால் காலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேம்பு போயிற்று. மடை வந்தது. பின்னால் வந்த பால்காரரின் வண்டியும் கேட்டது, ஒதுங்கிக்கொண்டேன். நாலைந்து நாளில் வெட்கம் தேய்ந்தது, சத்தம் வளர்ந்தது.

அப்படி வளர்ந்து முழுச் சத்தத்தில் நின்ற ஒரு காலையில், வீட்டை விட்டு இறங்கித் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். தப்பு ஓய்ந்தது. ஒரு நொடி அமைதி. அடுத்து ஒரு பெண் குரல், நெஞ்சைப் பிளந்துகொண்டு, நீளமாக. ஒப்பாரி.

கிராமத்துப் பாட்டு அம்புட்டையும் ஏற்றிவிட்டார் மனிதர்.

பொத்தானைத் தேடினேன். அரிசி அளவுப் பொத்தான், வியர்த்த விரல். அடுத்த பாட்டுக்குப் போ என்று அமுக்கினேன், போயிற்று. அதுவும் ஒப்பாரி. தெருவைக் கடந்துவிட்டால் போதும் என்று வேகமாக ஓடினேன். வேகமாக ஓடினால் ஒப்பாரியும் வேகமாக வருகிறது. வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. கதவுகள் திறந்தன. ஒரு அம்மா முந்தானையை வாயில் பொத்தியபடி வாசலுக்கே வந்துவிட்டார். இட்லிக் கடை அக்கா கரண்டியோடு நடுத்தெருவுக்கு ஓடிவந்தார்.

“ஆத்தாடி, யாரு தாயி? மாடி வீட்டுப் பெரியவுகளா?”

எங்கள் தெருவில் எதிர் வரிசை மாடி வீட்டுப் பெரியவர் ரொம்ப நாளாகப் படுக்கையும் எழுந்திருப்புமாக இருந்தவர். நான் பதில் சொல்வதற்குள் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரே எட்டிப் பார்த்தார்.

“நான் இங்கனதான் இருக்கேன். வேற எங்கயாச்சும் பாருங்க.”

தெரு ஒரு கணம் திகைத்தது. அப்புறம் சிரித்தது பாருங்கள், விடிந்தும் விடியாத நேரத்தில், பல் துலக்காத வாயோடு அத்தனை வாசலும் சேர்ந்து சிரித்தது. இட்லிக் கடை அக்கா என் தோளிலிருந்து பெட்டியைக் கழற்றி, மாவுக் கையாலேயே அமுக்கி நிறுத்தினார்.

“தெனமும் அந்தத் தப்புப் பாட்டுல்ல வரும். அதுக்குத்தான் நான் மொத ஈடு இட்லி எறக்குவேன். அத விட்டுட்டு இது என்னத்துக்கு? அத வையி.”

நான் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்து ஓடிய அத்தனை நாளும் இவர்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மடை வரை போய்த் திரும்பினேன், ஆனால் மனம் ஓடவில்லை. ஊர் சிரித்தது இந்நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும், இத்தோடு கரை முடிந்தது, இனி மாடியும் லுங்கியும்தான் என்று நினைத்தபடி படியேறினேன். வீட்டுக்காரர் எங்கள் மாடியிலிருந்து இறங்கிவந்தார்.

“ஒப்பாரி எங்க ஊர்ப் பக்கத்து ராகம் மாதிரி இருந்துச்சே” என்றார்.

“கேட்டுச்சா?”

“தெனமும்தான் கேக்குது. நீ கெளம்புனதும் மாடிக்கு வந்துருவேன். முக்குக்குப் போனாத் தெரியும். வேம்பு தாண்டுனா கொஞ்சம் அமுங்கும். மடைகிட்ட சுத்தமாக் கேக்காது. அந்தக் கேக்காத நேரந்தான் எனக்கு ஒருமாதிரி இருக்கும். அப்புறம் திரும்பக் கேட்டதும் பாலை அடுப்புல வைப்பேன்.”

நான் வந்ததும் காபி எப்படிச் சூடாகவே இருக்கிறது என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. மாடியைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

“இப்ப என்ன, மாடியா கரையா?” என்றேன்.

“கரைதான். சத்தத்தக் கொறைக்காத.”

அதன்பின் பாட்டு தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது. இட்லிக் கடையைக் கடக்கும்போது இன்ன பாட்டு, மாடி வீட்டுப் பெரியவர் வாசலில் இன்ன பாட்டு என்று ஆளாளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் பிந்தினால் விசாரணை வேறு. கழுத்தில் கிடப்பது கயிறா தங்கமா என்று பார்க்க ஒருவன் பைக்கில் வந்தால், இத்தனை கண்ணுக்கு நடுவே வர வேண்டும்.

போன வாரம் பெட்டிக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டேன். மடையைத் தொட்ட நேரத்தில் அது இரண்டு தடவை விக்கி நின்றது. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் கொஞ்ச நேரம் போயிற்று. சரி, மூச்சுச் சத்தத்தோடு திரும்புவோம் என்று ஓட ஆரம்பித்தால், வேம்புக்கு அந்தப் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர். அவர்தான். சட்டையில் பொத்தான் பாதிதான் போட்டிருந்தது, காலில் என் செருப்பு.

“பாட்டு திரும்பக் கேக்கல” என்றார்.

“சார்ஜ் இல்லங்க.”

“சார்ஜ் இல்லையா.” மூச்சு விட்டார். “ஏறு, போவோம்.”

“வேம்பு இன்னும் தாண்டலங்க. ஓடித்தான் வருவேன்.”

அவர் வண்டியைத் திருப்பினார். என் ஓட்டத்துக்குச் சமமாக, விழுந்துவிடாத அளவுக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். முட்டி பேச ஆரம்பித்தது. சிலிண்டர் ஞாபகத்துக்கு வரப்போன அந்தச் சமயத்தில், இடது கையால் வண்டியின் முகப்பில் தட்டி, வாயாலேயே அடிக்கத் தொடங்கினார். டண்டணக்க, டண்டணக்க. பாதி அடி தப்பு, மீதி அடி பிந்தி வந்தது. கால் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. வேம்பு பின்னால் போனது தெரியவில்லை.

முக்கில் இட்லிக் கடை அக்கா, ஈட்டை இறக்காமல் கையில் துணியோடு எங்களைப் பார்த்து நின்றார். அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

“பெட்டிய மாத்திட்டியா தாயி? முன்னதே கைக்கு அடக்கமா இருந்துச்சே.”