பருப்பொருளும் ஜமீலாவும்

எர்ணாவூரிலிருந்து செல்வி போன் செய்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். "ஜமீலாக்கா போயிடுச்சிம்மா. ஆஸ்பத்திரிலதான் கீறோம்" என்றாள். ஜமீலாவின் பக்கத்து வீட்டுக்காரி அவள்.

ஜமீலாவும் நானும் ஒரே மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பல வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவருடைய சிரிப்பு ஞாபகம் வரும். எனக்கு ஒரு கூட்டம்தான் ஞாபகம் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வாயு கசிந்து, எர்ணாவூர்க்காரர்கள் கண்ணெரிச்சலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். பிறகு தொழிற்சாலை நிறுவனம் ஒரு நிவாரண அறிவிப்பைத் தமிழாக்கத்துக்கு அனுப்பியது. 'பருப்பொருள் சேதத்துக்கு மட்டும் இழப்பீடு' என்று ஜமீலா எழுதினார். எர்ணாவூரில் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் அதை வாசிக்கவும் அவரையே அனுப்பினார்கள். நானும் போனேன்.

"பருப்புக்கு இன்னாத்துக்குக்கா துட்டு தர்றான்?" என்று செல்வி கேட்டாள். கூட்டம் சிரித்தது.

ஜமீலா பொறுமையாகச் சொன்னார்: "பருப்பு இல்ல செல்வி. பரு. பருத்தது, பருமன்னு சொல்றோமே, அந்த பரு. கைக்கு ஆப்டுற பொருளுன்னு அர்த்தம். கட்டிலு, பாத்திரம், கூரை."

"எம் பொண்ணு மூச்சு வுட முடியாம இழுத்துகினு கீது. அது கைக்கு ஆப்டாதே?"

ஜமீலா தாளை மேசைமேல் வைத்துவிட்டு நிறுவன அதிகாரியிடம் சொன்னார். "நான் போட்ட சொல் சரி. உங்க அறிவிப்புதான் தப்பு. மீதியை நான் வாசிக்க மாட்டேன்."

அந்த நிறுவனத்தின் வேலை அதன்பின் அவருக்கு வரவில்லை. அவர் வீடு வீடாகப் போய், இருமலையும் மூச்சுத்திணறலையும் மனுக்களாக எழுதிக்கொடுத்தார். பல மாதம் கழித்துச் சிகிச்சைச் செலவையும் சேர்த்து அறிவிப்பு திருத்தப்பட்டது. கசிவு மட்டும் நிற்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடச் சொன்னேன். "நான் போய்டுவேன். செல்வி எங்க போவா?" என்றார். அப்போதே அவர் பேச்சின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஸ்கேன் படத்தில் நுரையீரல் முழுக்க வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

அடக்கத்துக்கு ஆண்கள் கிளம்பியபின் செல்வியும் நானும் ஜமீலாவின் வீட்டில் இருந்தோம். காற்று தொழிற்சாலைப் பக்கமிருந்து திரும்பியது. செல்வி எழுந்து ஜன்னல்களைச் சாத்தினாள். மகளின் மூக்கில் ஈரத்துணியைக் கட்டினாள்.

"வந்துடுச்சி" என்றாள். "அக்கா இருந்தா எழுதும். நீ எழுதித் தர்றியா?"

எழுதிய சொல் யார் தலையில் விழுமோ, அவர் முன்னால் நின்று அதை வாசித்துக்காட்ட வேண்டும். ஜமீலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மனுவை எழுதி, செல்விக்கு வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் வரியிலேயே அவளுக்கு இருமல் வந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.