தெய்வானை கேட்ட விலை

மழை விட்டதும் தெய்வானை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவாள். கையில் டார்ச் விளக்கு, இடுப்பில் திருப்புளி. கூடத்திலிருந்து சமையற்கட்டு வரை மூலைமூலையாக வெளிச்சம் அடிப்பாள். எங்காவது ஈரம் தெரிந்தால் அதோடு சண்டைதான். "நேத்துதானே உன்னை அடைச்சேன், அதுக்குள்ள என்னா திமிரு ஒனக்கு?" தைப்பிங்கில் மழைக்கு ஓய்வு கிடையாது. அவள் வாய்க்கும் கிடையாது.

வயது ஐம்பத்தாறு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஹார்ட்வேர் கடையில் இருபத்தைந்து வருடமாக ஆணி நிறுத்துக் கொடுக்கிறாள். கடை முதலாளியான சீனத் தவுக்கே கழித்துப் போடும் உடைந்த ஓடு, வளைந்த தகரம், பாதி காய்ந்த பெயிண்ட் எல்லாம் அவளுடைய மோட்டார் சைக்கிள் ஏறி வீடு வந்து சேர்ந்துவிடும். குளியலறைத் தரையில் மட்டும் நான்கு தினுசு ஓடுகள். பார்த்துச் சிரிப்பவர்களிடம், "சிரிங்க சிரிங்க. வழுக்கி விழமாட்டீங்க, அது போதும்" என்பாள்.

இத்தனைக்கும் வீடு அவளுடையது இல்லை. கீழே கல், மேலே பலகையாகக் கட்டிய பழைய வீடு. சொந்தக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்த நாகலிங்கம். அவள் குடிவந்த நாளில் சமையற்கட்டுக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. போய்ச் சொன்னதற்கு, "நீயே பாத்து செஞ்சிக்கம்மா, வாடகைய ஏத்த மாட்டேன்" என்றார். இருபத்திரண்டு வருடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாடகையை ஏற்றவில்லை, ஓர் ஆணிகூட வாங்கித் தரவும் இல்லை. போன வருடம் அவர் போய்ச் சேர்ந்ததும், ஷா ஆலமில் இருக்கும் மகன் கிருபாகரன் வீட்டை விற்கக் கிளம்பிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் வந்தவன் செருப்பைக் கழற்றாமலே சுற்றிச்சுற்றிப் படம் பிடித்தான். அவள் போட்ட தகரம், அவள் பூசிய சுவர், அவள் மாட்டிய கம்பிக் கதவு, எல்லாம் அவன் கைப்பேசிக்குள் போயின. மிதித்தால் முனகும் மாடிப் பலகைப் பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

"ஒரு லட்சத்து அறுபதாயிரம் வெள்ளி போகும்க்கா. வீடு நல்லாத்தானே இருக்கு."

தெய்வானைக்குச் சுர்ரென்று ஏறியது. அவனைப் பின்னறைக்குக் கூட்டிப் போய்த் தூணை விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே கறையான் தின்ற தூள், அவன் செருப்பின் மேலேயே கொட்டியது.

"எம்பதாயிரம் தரேன் தம்பி. எனக்கே குடுத்துரு."

"வெளையாடுறீங்களா? பாதி வெலைக்குக் கேக்குறீங்க. அது கார் வெலைலா."

"ஒங்கப்பா குடுத்த வீட்டுக்கு அதுவே ஜாஸ்தி. நீ சொல்றது நான் கட்டுன வீட்டோட வெல. நான் போட்டத நானே காசு குடுத்து வாங்கணுமா?"

"ஒங்கள யாரு செய்யச் சொன்னா? அதுக்குத்தானே வாடக கம்மி."

"மழை சொன்னிச்சி. ஒங்கப்பா காதுல விழல."

எண்பதாயிரம் என்பது வாய்க்கு வந்த தொகை இல்லை. கடையில் உழைத்துச் சேர்ந்த அவளுடைய சேமநிதி முழுவதும் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வெள்ளி கேட்டாலும் வீடு கையை விட்டுப் போய்விடும். இந்த வயதில் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வேறொருவன் ஒழுகும் கூரைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னால் கெஞ்சுவது போல ஆகிவிடும்.

கிருபாகரன் செருப்பைத் தட்டிக்கொண்டே வெளியே போனான். கார்க் கதவைத் திறந்தவன் திரும்பி, "நாலு மணிக்கு ஈப்போவுலேர்ந்து ஒரு ஆளு பாக்க வராரு. கொஞ்சம் கூட்டி வச்சிருங்கக்கா" என்றான்.

விலையைச் சொன்னபோதுகூட அவளுக்கு இவ்வளவு எரியவில்லை. கூட்டி வைக்க வேண்டுமாம். தன் கையால் ஆக்கிய வீட்டை, தன்னை வெளியேற்ற வருகிறவனுக்காக, தானே கூட்டி வைக்க வேண்டுமாம். அன்று பகல் அவள் சோறு ஆக்கவில்லை.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஏணியைச் சாத்தி ஏறினாள். சமையற்கட்டுக் கூரையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டாள். தான் வாங்கிய தகரங்கள் மூன்றை மட்டும் இறக்கிச் சுவரோரம் சாத்தினாள். நாகலிங்கத்தின் பழைய தகரங்களில் கைவைக்கவில்லை. ஒழுகலுக்கு வைக்கும் வாளிகளைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். பிறகு, சொன்னபடியே, வீட்டைக் கூட்டினாள்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தமும் முதல் தூறலும் ஒன்றாகக் கேட்டன. தெய்வானை கூடத்தில் இருந்த நல்ல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கூரை இல்லாத இடத்துக்கு நேர் கீழே போட்டு, வருகிறவர் உட்காரட்டும் என்று தோள் துண்டால் பளிச்சென்று துடைத்து வைத்தாள்.