சிவப்புக் கொம்புக்குச் சிவப்பு டப்பா

பொங்கல் முடிந்த கையோடு அக்கா மகள் சுகந்தியோடு கொல்லிமலைக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, என்ன விசேஷம் என்று கேட்டார். "மாட்டுக்குக் கருப்பையில புண்ணு, சீழ்... அதுக்கு மருந்து டெஸ்ட் பண்றோம்" என்றேன். அப்போதுதான் பிரித்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். பாவம்!

சுகந்தி கால்நடை டாக்டர், ஆராய்ச்சி மாணவி. கன்று போட்ட மாடுகளுக்குச் சில சமயம் கருப்பையிலும் இடுப்புக்குள்ளும் அழற்சி வந்து சீழ் வடியும். அப்புறம் சினை பிடிக்காது. சினை பிடிக்காத மாட்டுக்கு எத்தனை நாள் தீனி போடுவார்கள்? அடிமாட்டுப் புரோக்கர் கயிற்றோடு வந்து நின்றுவிடுவார். இதற்கு மலையில் ஒரு பச்சிலை உருண்டை கொடுப்பது வழக்கம். அது நிஜமாகவே வேலை செய்கிறதா? இதுதான் அவள் ஆராய்ச்சி.

பாதி மாடுகளுக்கு மருந்து உருண்டை. மீதிக்குச் சும்மா உருண்டை — சாமைத் தவிடு, வெல்லம், நிறத்துக்குக் கொஞ்சம் முருங்கைக்கீரை. காய்ச்சல் கண்டால் மட்டும் எந்த மாடானாலும் உடனே ஊசி. எது மருந்து, எது சும்மா என்று மாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. சுகந்திக்கே தெரியாது! உருண்டை பிடித்து அனுப்பும் அவளுடைய பேராசிரியருக்கு மட்டும்தான் தெரியும்.

அடையாளத்துக்குக் காதில் வில்லை மாட்டலாம் என்றால் ஊரே ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கொம்பில் பெயின்ட். சிவப்புக் கொம்புக்குச் சிவப்பு டப்பா, நீலக் கொம்புக்கு நீல டப்பா. அவள் மலையில் இல்லாத நாட்களில் மாட்டுக்காரர்களே எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம். "கலர்னா குழப்பமே வராது சித்தி!" என்று வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டு வந்தாள்.

பொங்கல்... மாடு... கொம்பு... பெயின்ட்... உங்களுக்கு உறைக்கிறதா? கால்நடை டாக்டருக்கு உறைக்கவில்லை!

குண்டனி நாடு என்ற மலையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாடுகளைக் கட்டும் பலாமரத்தடிக்குப் போனோம். அத்தனை மாட்டுக்கும் சிவப்புக் கொம்பு. பளபளவென்று! மருந்துக்குக்கூட ஒரு நீலம் இல்லை.

சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "யாருக்கா இப்படிப் பண்ணது?"

பாப்பாத்தி அக்கா முன்னால் வந்தார். அவருக்கு இருப்பது ஒரே மாடு, வள்ளி. நீலக் கொம்பு... அதாவது, போன வாரம் வரைக்கும். சந்தை கழிந்ததும் புரோக்கர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

"மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் பூசாம இருக்க முடியுங்களா கண்ணு? பூசறதுதான் பூசறோம்... நல்ல மருந்து எதுவோ, அந்தக் கலரையே எல்லாரும் பூசி, அந்த டப்பா உருண்டையவே குடுத்துப்புட்டோம்."

"நல்ல மருந்து எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது தெரியாதுங்களா? சிவப்பு டப்பா உருண்டைய மாடு கைய நக்கி நக்கித் தின்னுதுங்க. நீலத்த எங்க வள்ளி என்ற மூஞ்சியிலயே துப்புதுங்க. பாதிப் பேரு மாட்டுக்கு நல்ல மருந்து, எங்க மாட்டுக்கு மட்டும் ஆகாத மருந்தா? இது நாயமுங்களா?"

நியாயம்தானே என்று நான் தலையாட்டினேன். சுகந்தி என்னை முறைத்தாள்.

சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறிப் பேராசிரியருக்குப் போன் போட்டோம். ஊரே பின்னால் ஏறி வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் அவர் மெதுவாகச் சொன்னார்: "சிவப்பு... வெறும் தவிடும்மா. வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாப்பாத்தி அக்கா சிரிக்கவில்லை. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ... நல்ல மருந்தத் தின்னுட்டிருந்த மாட்ட நானே பெயின்ட் அடிச்சுக் கெடுத்துப்புட்டனே! இனி புரோக்கரு வந்தா நான் என்னங்க சொல்லுவேன்?"

ஆராய்ச்சி போனால் இன்னொன்று செய்யலாம். வள்ளி போனால் வருமா?

சுகந்தி பாறையைவிட்டு இறங்கினாள். தோள்வரை கையுறையை மாட்டிக்கொண்டு வள்ளியைச் சோதித்தாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வள்ளி மட்டும் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா... சீழ் இல்ல! சுத்தமா இருக்கு. புண்ணு ஆறிடுச்சு!"

பாப்பாத்தி அக்கா ஓவென்று கத்திக்கொண்டு ஓடி வந்து சுகந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கையுறையோடுதான்! எது எதில் ஒட்டியது என்று யாருக்கும் கவலையில்லை. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அப்போ மருந்து பாஸ்தானே?" என்றேன்.

"ஒரு மாட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சித்தி. தானாவே ஆறியிருக்கலாம். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாள். சொல்லும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சந்தை கழிந்து வந்த புரோக்கர் வெறுங்கயிற்றோடு திரும்பினார்.

புது ஆராய்ச்சி, புது மாடுகள். இந்தத் தடவை மஞ்சளும் பச்சையும். எது மருந்து என்று கண்டுபிடிக்கவே முடியாதபடி இரண்டு உருண்டையும் ஒரே கசப்பு. வேறு கலர் பூச மாட்டோம் என்று ஊரே சத்தியம் செய்திருக்கிறது.

நேற்று சுகந்தி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். சத்தியத்தை யாரும் மீறவில்லை. எல்லா மாட்டுக்கும் ஒரு கொம்பு மஞ்சள், ஒரு கொம்பு பச்சை. கூடவே பாப்பாத்தி அக்காவின் குரல்: "எதுக்கும் இருக்கட்டுங்க கண்ணு... ரெண்டு டப்பாவுலயும் ஒவ்வொண்ணு குடுத்துருங்க!"