கதவு தட்டினால் உட்கார வேண்டும்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஃபைலக்கா முதலில் சுவரைத்தான் பார்ப்பாள். அதுவும் ஓர் எட்டு வயதுக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில். அவளுடைய தங்கை புது வீட்டுக்குக் குடிபோன நாளில் வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலையும் சமையலறையையும் பாராட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கூடத்துச் சுவரை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். "என்னக்கா, பெயிண்ட் கான்ட்ராக்ட் எடுத்திருக்கியா?" என்று தங்கை கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விரல் மட்டும் சுவரை விட்டு வரவில்லை.

அந்தச் சுவரில் ஒன்றுமில்லை. அவள் தேடிய தடம் வேறொரு வீட்டுச் சுவரில் இருந்தது. அவள் கண்ணுக்குள்ளும் இருந்தது.

இருபத்தாறு வருடம் நலத்துறை அலுவலகத்தில் அவள் பார்த்தது வீட்டு விசாரணை வேலை. மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போய், முப்பது கேள்விகள் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். தானாகச் சாப்பிட முடியுமா, தானாகச் சட்டை போட முடியுமா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே கட்டம்: முடியும், முடியாது. கொஞ்சம் முடியும் என்பதற்குக் கட்டமே கிடையாது. எப்போதும் கக்கத்தில் ஒரு கட்டு ஃபைலோடு நடப்பதால் தெருப்பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஃபைலக்கா. அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்தத் தடம் இருந்தது ஒரு குடியிருப்பில், மூன்றாவது மாடி, நடைபாதையின் கடைசி வீடு. ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை. அங்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் பெண் ஒருத்தி மகளோடு இருந்தாள். புருஷன் போன இடம் தெரியாது. மகளுக்கு எட்டு வயது. காலும் பலவீனம், எதுவும் மெதுவாகத்தான் புரியும். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டால் மறக்கவே மாட்டாள். "மண்டையில ஏத்துறதுதான் கஷ்டம். ஏறிடுச்சுன்னா எறங்கவே எறங்காது" என்று தாய் பெருமையாகச் சொல்வாள். மகளை அவள் கூப்பிடுவது வாத்து என்று.

தாய் வேலைக்குப் போகும் முழுநாளும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் துறையே ஓர் உதவிப் பெண்ணை அனுப்பியிருந்தது. படிவத்தின் ஏழாவது கேள்விக்கு 'முடியும்' என்று விழுந்துவிட்டால் அந்த உதவி அரைநாளாகக் குறையும். 'சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்க முடியுமா?' என்பதுதான் அந்தக் கேள்வி. சலவைக்கூடத்தில் அரைநாள் வேலை என்று ஒன்று அப்போது கிடையாது.

விசாரணைக்கு வரும் தேதியை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. இந்த மாதத்தில் ஒருநாள் என்று மட்டும் கடிதம் போகும். கடிதம் போய்விட்டது. ஆனால் அந்த மாதம் ஃபைலக்காவோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருத்தி பிரசவ விடுப்பில் போனாள். அவர்களுடைய ஃபைல்களும் இவள் தலையில் விழுந்தன. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அலமாரியின் மேல்தட்டில் ஐந்து மாதம் தூங்கியது. அவளைப் பொறுத்தவரை அது வெறும் கட்டு.

ஐந்தாவது மாதக் கடைசியில் போய்க் கதவைத் தட்டினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் குழந்தை உட்கார்ந்திருந்தது. மடியில் சிலேட்டு, கையில் நீலச் சாக்பீஸ். பத்து விரலும் நீலம். தாய் முந்தின இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். உதவிப் பெண் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவேயில்லை. ஏழாவது கேள்வி வந்தது.

"முடியாது மேடம். பொறந்ததுல இருந்தே நடந்ததில்ல."

எழுதப்போன ஃபைலக்காவின் பேனா நின்றது. கட்டிலுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவில் சுவரை ஒட்டி ஒரு பீரோ புதிதாக நகர்த்தப்பட்டிருந்தது, தரையில் இழுத்த கோடு இருந்தது. பீரோ மறைத்தது போக மிச்சமிருந்த சுவரில் நான்கு நீலத் தடங்கள். உள்ளங்கை அழுந்தி, வழுக்கி, மறுபடி அழுந்திய தடங்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எட்டாத உயரம்.

அப்போது குழந்தை கேட்டது.

"அம்மா, இன்னும் உட்காரணுமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஃபைலக்கா காது கேட்காதவள் போலக் குனிந்தாள். ஏழாவது கேள்விக்கு நேரே 'முடியாது' கட்டத்தில் குறியிட்டாள். குறிப்பு என்ற இடத்தில், 'பிறந்ததிலிருந்து நடந்ததில்லை' என்று தன் முத்தான கையெழுத்தில் எழுதினாள். படியிறங்கும்போது மனசு இறகாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடமும் கிடைத்தது. நல்லது செய்தால் உடனே கூலி கிடைக்கிறதே என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஏழு வாரம் கழித்து அந்தத் தாய் அலுவலகத்துக்கு வந்தாள். அழுது வீங்கிய முகம். ஃபைலக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, மரபெஞ்சில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

கடிதம் வந்த அன்றே அவள் மகளுக்கு ஒரு விளையாட்டுக் கற்றுக் கொடுத்திருந்தாள். கதவு தட்டினால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட். பால்காரர் தட்டினாலும் உட்கார், பக்கத்து வீட்டுக்காரர் தட்டினாலும் உட்கார். அவள் வேலைக்குப் போன நேரத்தில் விசாரணை வந்துவிட்டால்? அதனால் எழுந்திருக்கவே வேண்டாம், மேடம் வந்து போகும்வரை உட்கார்ந்தே இரு என்றாள். ஒரு மாதம்தானே என்று நினைத்தாள். அந்த ஒரு மாதம் நீண்டுகொண்டே போனது. பிள்ளை சொன்ன சொல் தட்டாமல் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தது.

"நீங்க போனதும் கதவைச் சாத்திட்டு, எந்திரிடா வாத்துன்னேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சா, அப்படியே மடங்கி விழுந்துட்டா. அன்னைலருந்து கால் ஊன மாட்டேங்குது மேடம். துணி மாதிரி தொங்குது."

துறைக்கு ஒரு நடைப்பயிற்சி நிலையம் இருந்தது. அங்கே சேர்த்துவிடத்தான் கேட்டு வந்திருந்தாள். கவுண்டர் குமாஸ்தா ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர்தான், தணிந்த குரலில் சொன்னார். நடந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களுக்குத்தான் அங்கே இடம். இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து நடந்ததில்லை என்று விசாரணைக் குறிப்பே இருக்கிறதே.

முத்தான கையெழுத்து மேஜையில் திறந்து கிடந்தது.

தாய் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. ஃபைலக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க செவத்தைப் பார்த்தீங்கல்ல?"

ஃபைலக்கா எழுந்து மேலதிகாரியின் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ரிடையர் ஆக இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டார். இரண்டு என்றாள். திருத்தி எழுதினால் விசாரணை வரும், அந்தத் தாய் பொய்த் தகவல் கொடுத்தாள் என்று அவள் மேலும் வரும், உதவியே மொத்தமாக நின்றாலும் நிற்கும் என்று விளக்கினார். "பேசாம வீட்டுக்குப் போங்கம்மா. நாம பாக்காத கேஸா?" என்றார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தன் மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்தாள். 'குழந்தை சுவரைப் பிடித்து நடந்து வந்ததற்கான தடங்களை நேரில் கண்டேன். தாய் அதை என்னிடம் மறைக்கவில்லை. நானே தவறாகக் குறித்தேன்.' நடுவாக்கியம் பொய். இருபத்தாறு வருடத்தில் அவள் தெரிந்து எழுதிய இரண்டாவது பொய் அது. தாளை மேலதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

அவளை வெளிவேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மிச்ச இரண்டு வருடமும் ஜன்னல் இல்லாத பதிவேட்டு அறையில், மூடிய ஃபைல்களுக்கு எண் ஒட்டும் வேலை. ஓய்வு பெற்ற நாளில் பாராட்டுக் கூட்டம் கிடையாது. குமாஸ்தா மட்டும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குழந்தைக்குப் பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. உதவி, விதிப்படி அரைநாளானது. தாய் சலவைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் வேலை வாங்கிக்கொண்டாள். எப்படி ஓட்டுகிறாய் என்று ஃபைலக்கா கேட்டதற்கு, விரிப்பு மடிக்கிற மாதிரிதான், ரெண்டா மடி, நாலா மடி, சின்னதா ஆயிடும் என்றாள்.

பயிற்சி தொடங்கி ஒன்றரை வருடம் கழித்து அந்தத் தாய் போன் செய்தாள். "வாத்து நடக்குறா மேடம். வந்து பாருங்க."

ஃபைலக்கா ஓடினாள். கதவைத் தட்டினாள். உள்ளே பொத்தென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் குழந்தை தரையில் உட்கார்ந்து, பிஸ்கட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தது. தாய் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. பயிற்சி நிலையத்தில் கற்றது ஏறியிருந்தது, ஆனால் பழையது இறங்கவில்லை. அடுத்தமுறை தாய் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். தட்டாமல், கையில் ஒரு பை கூட இல்லாமல் ஃபைலக்கா உள்ளே போனாள். இவள் முகத்தைக் கண்டதும் பிள்ளை அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. பயப்படவில்லை. நல்ல பிள்ளையாகச் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் ஃபைலக்காவை இன்றுவரை விடவில்லை.

தாய் வாசல்வரை வந்து, கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்களைப் பார்த்தா மட்டும்..."

முடிக்கவில்லை. அன்றுதான் அவள் முதல்முறையாக மேடத்தை அக்கா என்றாள்.

கடைசியாக ஒருநாள் மத்தியானம் ஃபைலக்கா அந்த மூன்று மாடியும் ஏறினாள். நடைபாதையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை தூக்கினாள். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சுவரில் உள்ளங்கை வழுக்கும் சத்தம். பிறகு பாதம் பதியும் சத்தம். மறுபடி உள்ளங்கை.

தூக்கிய கையோடு அவள் எண்ண ஆரம்பித்தாள். நான்கில் ஒருமுறை நின்றது, இவள் மூச்சும் நின்றது. பிறகு ஐந்து, ஆறு. ஒன்பதில் தடுமாறியது. பத்து. அதற்கப்புறமும் நடை நிற்கவில்லை, பதினொன்று.

கையைக் கீழே இறக்கினாள். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்று மாடியும் வெறுங்காலோடு, கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கி, தெருவுக்கு வந்த பிறகுதான் செருப்பைப் போட்டாள்.