அரைவிரல் வணக்கம்

நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. அன்று அந்த வண்டிக்குள் நானும் இருந்தேன். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எங்கள் பண்ணை வாசலைத் தாண்டிப் போகும் மாநிலச் சாலை நேரே கனடா எல்லையில் போய் முட்டும். இடையில் ஒரு கிளைப் பாதைகூடக் கிடையாது. எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவோம். அதுதான் எங்கள் வணக்கம். பதிலுக்குத் தூக்காமல் போனால் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம்.

என் கணவர் ஓர்லின் தன் தம்பி லேலண்டுக்கு ஒன்பது வருடமாக விரலைத் தூக்கியதில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தால் வந்த சண்டை. இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில் லேலண்டுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு வார்த்தையாவது பேசட்டும் என்று நான்தான் இவரைக் கிளப்பினேன். ஐந்து மணிக்குச் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள்.

மணி 4.10. பனி கொட்டியது. எதிரே ஒரு நீல பிக்கப் வண்டி. உள்ளே இருட்டு. ஸ்டீயரிங் மேல் ஏதோ அசைந்தது.

ஓர்லினின் கை அசையவில்லை.

"ஒரு விரலைத் தூக்கினா கை சுளுக்கிக்குமா?"

"அவன் வண்டி மாதிரியே இருக்கு ஆர்டிஸ். என் கை எந்திரிக்காது."

கொஞ்ச தூரம் போனதும்... எதிரே மறுபடியும் அதே நீல வண்டி. அதே நசுங்கிய பம்பர்.

"சாகக் கிடக்கான்னு சொன்னே! ஜாலியா ஊர் சுத்துறான் பாரு!"

தெற்கே போன வண்டி... வடக்கிலிருந்து எப்படி வரும்?

திரும்பிப் பார்த்தேன். பனியில் எங்கள் டயர் தடம் மட்டும்தான் இருந்தது.

"ஓர்லின்... அடுத்த தடவை தூக்கிடு..."

4.40. மூன்றாவது முறை அதே நீல வண்டி.

இன்ஜின் சத்தம் இல்லை.

சீட்டில் ஆள் இல்லை...

ஸ்டீயரிங் மேல் ஒரு கை மட்டும். ஆள்காட்டி விரல் பாதிதான். தானிய மெஷினில் லேலண்ட் பறிகொடுத்த அதே விரல்.

எழுந்தது.

ஓர்லின் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பயமா, வீம்பா... இன்றும் எனக்குத் தெரியாது. என்னால் அவரை மன்னிக்கவும் முடியவில்லை.

சாவடி அதிகாரி எங்களை வினோதமாகப் பார்த்தார். "நீல வண்டியா? மத்தியானத்துலேருந்து நீங்கதான் முதல் ஆளு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்களை வாசலிலேயே நிறுத்தினாள். 4.40க்கு எல்லாம் முடிந்துவிட்டது.

"கடைசி அரை மணி நேரம், வண்டி ஓட்டுற மாதிரியே கையை வச்சிருந்தாரு. அந்தப் பாதி விரலை மூணு தடவை தூக்கினாரு. அப்புறம் தெளிவா ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"'அண்ணன் பாத்துட்டான். தூக்கல.'"

ஓர்லின் கோட்டுப் பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவே இல்லை.